ஒரு சாண் கட்டுமரம்

இன்னைக்கு எபிசோட், என் மேசை மேல இருக்கற ஒரு சாண் நீளக் கட்டுமரம் பத்தி. நானே செஞ்சது. அதாவது, ரெண்டாவது தடவை செஞ்சது.

முதல் மாடலை நெட்ல இருந்த படங்களைப் பார்த்துதான் செஞ்சேன். நாலு கட்டை, கூரா செதுக்கின முனை, மேல அழகுக்கு ரெண்டு சுத்து நூல், உள்ள ஃபெவிகால். பெருமையா எடுத்துக்கிட்டுப் போய், சென்னைக் கடற்கரைக் குப்பம் ஒண்ணுல, வயசான மீனவர் ஒருத்தர்கிட்ட காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாதான் இருக்கு தம்பி. இதை எப்படிப் பிரிக்கறது?"

"பிரிக்க முடியாது ஐயா, ஒட்டிட்டேன்."

சிரிச்சிட்டார். எனக்கு அப்பதான் உறைச்சுது.

கட்டுமரத்துக்கு ஆணி கிடையாது. லேசான மரக் கட்டைகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கயிறு போட்டுக் கட்டறதுதான் மொத்த விஷயமும். நடுக்கட்டை தாழ, ஓரக்கட்டைகள் கொஞ்சம் உயர. அலை மேல ஏறி வந்தா, தண்ணி இடுக்கு வழியா வடிஞ்சு போயிடும். அதுக்குள்ள தண்ணி நிறைஞ்சு மூழ்கறதுக்குக் குழியே இல்லையே! கரையில அலை உடையற நம்ம கடலுக்கு இது கச்சிதம். ஆனா மரம் தண்ணி குடிச்சு கனமாயிடும். அதனால கரைக்கு வந்ததும் கயிறை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியா மணல்ல காய வைப்பாங்க. மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டணும்.

(1697-ல வந்த வில்லியம் டாம்பியரோட பயண நூல்லயே 'கட்டுமரம்'ங்கற பேர் ஆங்கிலத்துல இருக்கு. இன்னைக்கு 'கேடமரான்'னு விக்கற ரெட்டை உடல் படகுக்கும் இதுக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணு.)

சரி, ரெண்டாவது மாடல். 1:20 அளவு. 5 மீட்டர் மரம் 25 சென்டிமீட்டர் ஆகுது. நீளம், அகலம், உயரம் மூணும் இருபதுல ஒரு பங்கு ஆகறதால, எடை 8,000-ல ஒரு பங்கு. 240 கிலோ மரம்னு வெச்சுக்கிட்டா, மாடல் வெறும் 30 கிராம். ஆனா ஒரிஜினல் மாதிரியே அடர்த்தி உள்ள மரத்துல செஞ்சா, மாடலும் அதே விகிதத்துலதான் தண்ணில அமிழும். பால்சா மரத்துல செஞ்சா அளவுக்கு மீறி மேல மிதக்கும், பொம்மை மாதிரி. அதனால இலவ மரம் தேடினேன்.

கயிறுதான் உயிரை வாங்கிடுச்சு. 20 மில்லிமீட்டர் கயிறு, மாடல்ல 1 மில்லிமீட்டர். தையல் நூல் வழுக்குது. கடைசில தேங்காய் நார் இழைகளையே திரிச்சுப் பார்த்தேன், பிடிச்சுது.

ஆனா எந்தச் சுத்து முதல்ல, எங்க இறுக்கணும், ஒரே இழுப்புல அவிழணும்னா முனையை எங்க விடணும்? படத்துல கட்டி முடிச்ச கட்டுதான் தெரியுது, கட்டற வரிசை தெரியல. ஃபைபர் படகுகள் கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டிருந்துது. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா நிறைய வந்துது. அந்தப் படகை யாரும் தினமும் கட்டி அவிழ்க்க வேண்டியதில்ல. அந்த ஐயா வீட்லயே அவர் பையனுக்கு இந்தக் கட்டு தெரியாது.

என் 30 கிராம் மரத்தை மடியில வெச்சு, அவர் நாலு தடவை கட்டிக் காட்டினார். விரலுக்கு இது ரொம்பச் சின்னதுன்னு திட்டிக்கிட்டேதான். நான் போன்ல வீடியோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா, கடைசி முடிச்சு போடற நேரத்துல நாலு தடவையும் அவர் கட்டைவிரல் அதை மறைக்குது.

ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன். இந்தத் தடவை ஒரு முழம் நீளத்துல பெரிய மாடல், கேமரா அவர் தோளுக்குப் பின்னாடி.