கோழியின் மூச்சும் முட்டையின் ஓடும்

கிழக்கே கொல்லிமலையும் மேற்கே காவிரியாறும் நிற்க, இடையே பரந்து கிடப்பது நாமக்கல் சமவெளி. முன்னர்ச் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த இப்பகுதி, 1997ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. வானம் பார்த்த நிலங்களே மிகுதியாக உள்ள இவ்வூர்ப்புறங்களில் உழவர் பலர் கோழி வளர்ப்பையே பெருந்தொழிலாகக் கொண்டனர். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்லுகின்றன. பள்ளிச் சிறார் உண்ணும் சத்துணவு முட்டைகளுள்ளும் பல இங்குப் பிறந்தனவே.

சித்திரை, வைகாசித் திங்களில் இப்பண்ணைகளுள் ஒன்றனுள் நண்பகலில் நுழைவார் ஒரு காட்சியைக் காண்பர். கோழிகள் இறகுகளை உடலினின்றும் அகற்றி, அலகைத் திறந்து, தொண்டை துடிதுடிக்க விரைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். தீனித் தொட்டியில் தீனி அப்படியே கிடக்கும். மறுநாட் காலையில் முட்டைகளைத் திரட்டும்போதுதான் பண்ணைக்காரர் முகம் வாடும். ஓடு மெலிந்து, கை பட்ட அளவில் கீறல் விழும் முட்டைகள் கூடையில் மிகுந்திருக்கும். கீறிய முட்டையைக் கொள்வார் இலர்; கொள்வாரும் பாதி விலைக்கே கேட்பர். சிறு பண்ணை வைத்திருப்பவருக்கு ஒரு கோடைக்காலத்து இழப்பே ஆண்டு முழுவதும் தீராக் கடனாக நின்றுவிடுதலும் உண்டு.

ஓடு மெலிவதற்குக் காரணம் தீனியில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்ததே என்று எவர்க்கும் முதலில் தோன்றும். அக்கருத்தில் ஒரு பகுதி உண்மையும் உண்டு; வெப்பத்தால் இரை கொள்ளாத கோழிக்குச் சுண்ணாம்பும் குறையத்தானே செய்யும்? ஆயினும், சுண்ணாம்பைக் கூட்டிக் கொடுத்த இடத்தும் ஓடு மெலிவதுண்டு. அதன் காரணம் கோழியின் மூச்சில் இருக்கிறது. அதனை அறிய வேண்டுமாயின், அமிலம், காரம் என்னும் இரண்டின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

புளியும் எலுமிச்சையும் புளிப்பது அவற்றிலுள்ள அமிலத்தால். காரம் என்பதோ மிளகாயின் உறைப்பன்று. வெங்காரம், அப்பளக்காரம் என்னும் சொற்களில் வழங்கும் காரமே இங்குக் கருதப்படுவது. வெளுப்புத் தொழிலாளர் பண்டு துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண்ணும் இவ்வினத்ததே. ஒரே சொல் இருபொருள் தந்து மாணவரை மயக்குவதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அமிலமும் காரமும் தக்க அளவில் சேருமிடத்து ஒன்றன் வலியை மற்றொன்று அடக்கிவிடும். ஒரு நீர்மத்தில் இவற்றுள் எது மிக்கிருக்கிறது என்பதை அளக்கும் முறையை 1909ஆம் ஆண்டில் வகுத்தவர் டென்மார்க்கு நாட்டுச் சோரன்சன் என்னும் அறிஞர். அவர் வகுத்த அளவிற்குப் பி.எச். என்பது பெயர். தூயநீரின் எண் 7. எண் குறையக் குறைய அமிலம் மிகும். கூடக் கூடக் காரம் மிகும். எலுமிச்சஞ்சாற்றின் எண் ஏறத்தாழ 2. ஓரெண் மாறினால் வன்மை பத்து மடங்கு மாறும் என்பது இதில் கருதத்தக்கது.

நலமுடைய மனிதனது குருதியின் எண் 7.35 முதல் 7.45 வரை. எத்துணைக் குறுகிய எல்லை! இவ்வெல்லையைச் சிறிது கடப்பினும் நோய். பெரிதும் கடப்பின் உயிர்க்கே இடர்.

இனி, கோலிசோடாப் புட்டியை நினைவு கூர்க. அதன் நீரில் கரியமிலவாயு அழுத்தத்தோடு கரைக்கப்பட்டுள்ளது. வாயு நீரோடு கூடி மெல்லிய அமிலமாவதால் நாவில் சுருக்கென்கிறது. கோலியைத் தட்டித் திறந்து சிறிது நேரம் வைத்திருந்தால் வாயு வெளியேறிவிடும், சுருக்கும் போய்விடும். குருதியின் நிலையும் இத்தகையதே. உடலின் உயிரணுக்கள் உணவை எரித்து உண்டாக்கும் கரியமிலவாயு குருதியில் கரைந்து அமிலமாகிறது. மூச்சு அதனை வெளியே போக்குகிறது. மூச்சு விரைந்தால் வாயு மிகுதியாக வெளியேறிக் குருதியில் காரம் ஓங்கும். மூச்சுத் தளர்ந்தால் வாயு தேங்கி அமிலம் ஓங்கும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மூச்சுவழியே ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் உடலைக் குளிர்விக்க வேண்டும். அவ்வாறு இளைக்கும்போது ஈரத்தோடு கரியமிலவாயுவும் அளவின்றி வெளியேறிவிடுகிறது. முட்டையோடு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் சுண்ணாம்புக்கல்லாகிய கால்சியம் கார்பனேட்டு. அதன் ஒரு கூறு சுண்ணாம்புச் சத்து. மற்றொரு கூறு இந்தக் கரியமிலவாயுவினின்று பிறப்பது. வாயு குறையவே, ஓட்டிற்கு வேண்டும் பொருளும் குறைகிறது. அன்றியும், குருதியில் காரம் மிகுந்தவிடத்துச் சுண்ணாம்புச் சத்து அங்குள்ள புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. இருந்தும் உதவாப் பொருளாகிறது. தீனியில் சுண்ணாம்பைக் கூட்டியும் பயன் குறைவதற்குக் காரணம் இதுவே.

கோழிக்கு மூச்சு மிகுந்ததால் வந்த கேடு இது. மூச்சுக் குறைந்ததால் மக்களுக்கு வந்த கேட்டையும் அதனை வென்ற திறத்தையும் கோபன்கேகன் நகரம் கண்டது. 1952ஆம் ஆண்டின் கோடையில் அந்நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாய்ப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலற்ற நோயாளர் 31 பேருள் 27 பேர் முதல் மூன்று வாரங்களுக்குள் இறந்தனர். அவர்தம் குருதியை ஆராய்ந்த மருத்துவர், அதிற் கரியமிலச் சத்து மிக்கிருக்கக் கண்டு, காரம் மிகுந்துவிட்டது என்று கருதினர். குருதியிலுள்ள அவ்வாயுவின் பெரும்பகுதி பைகார்பனேட்டு என்னும் கார உப்பாக இருத்தலின் அவ்வாறு மயங்கினர். மயக்க மருந்து வல்லுநராகிய பியோன் இப்சன் என்பாரோ, "இது காரமன்று; மூச்சுப் போதாமையால் தேங்கிய வாயு; மிகுந்திருப்பது அமிலமே" என்னும் கருத்தினர். ஆகஸ்டுத் திங்களில், உயிர் பிரியும் நிலையிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சு ஊட்டினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளரின் அருகமர்ந்து பையை அமுக்கினர். இறப்பு முன்னிருந்ததிற் பாதிக்கும் கீழே குறைந்தது. சோரன்சன் வகுத்த அளவையே அவ்வூர் மருத்துவமனையில் உயிர் காக்கும் கருவியாயிற்று.

மூச்சு ஒன்றே காவல் அன்று. குருதியிலுள்ள பைகார்பனேட்டு, வந்த அமிலத்தை அந்நொடியே தாங்கிக்கொள்ளும். நுரையீரல் சில நிமிடங்களில் துணைக்கு வரும். சிறுநீரகமோ மெல்ல, நாள்கணக்கில், எஞ்சிய அமிலத்தைச் சிறுநீரோடு போக்கும். கடுமையான வயிற்றுப்போக்கில் குடலின் கார நீர் வீணே கழிந்துவிடுவதால் குழந்தையின் குருதியில் அமிலம் ஓங்குகிறது. அப்போது குழந்தை ஆழ்ந்து விரைந்து மூச்சு விடும். கோழிக்குக் கேடு செய்த அதே விரைவு, இங்கு உடல் தானே செய்துகொள்ளும் மருத்துவம். அதனை அறியாது வெறும் களைப்பென்று வாளாவிருத்தல் குழந்தையின் உயிரைப் போக்கும். உப்பும் சருக்கரையும் கலந்த கரைசலை உடனே ஊட்டுதலும் மருத்துவரிடம் விரைதலும் வேண்டும். மருத்துவமனைகளில் தரும் அக்கரைசற்பொடியில் சிட்ரேட்டு என்னும் உப்பு உண்டு. உடலுள் அது பைகார்பனேட்டாக மாறி அமிலத்தை அடக்கும்.

இக்காலத்தில், புளிப்பான உணவு குருதியைப் புளிக்கச் செய்யும் என்றும், காரநீர் பருகினால் எல்லா நோயும் தீரும் என்றும் சொல்வாரும் விற்பாரும் உளர். பருகிய காரநீர் முதலிற் சேர்வது இரைப்பையை. அங்கோ, 1824ஆம் ஆண்டிலேயே வில்லியம் பிரௌட்டு என்னும் ஆங்கில மருத்துவர் கண்டுரைத்த வன்மையான அமிலம் காத்திருக்கிறது. நாவில் புளிக்கும் எலுமிச்சையும் உடலில் எரிந்தபின் காரமே எஞ்ச விடுவது. உண்பதனால் சிறுநீரின் எண் மாறும். நலமுடையோர் குருதியின் எண் மாறாது. நெஞ்செரிச்சல் என்பது வேறு. அஃது இரைப்பையின் அமிலம் மேலேறுவதால் வருவது. அதற்குத் தரும் மருந்துகளுள் மக்னீசியம் சேர்ந்தவை உண்டு. சேலத்துச் சுண்ணாம்புக் கரடுகளில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லிலும் அவ்வுலோகமே உள்ளது. எனினும், அக்கல்லின் பெரும்பகுதி உலைகளுக்கு வேண்டும் செங்கற்களாகவே பயன்பட்டுவந்தது.

நாமக்கல் பண்ணைகளில் இவ்வறிவு நாளும் பயன்படுகிறது. 1985ஆம் ஆண்டில் நாமக்கல்லில் நிறுவப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும் கோழி வளர்ப்போர்க்கு அறிவுரை வழங்கிவருகிறது. கோடையில் கூரைமேல் நீர் தெளிப்பர். வெயிலேறுமுன் விடியலிலும், வெயில் தாழ்ந்தபின் மாலையிலும் தீனி இடுவர். இளைப்பினால் இழந்த பைகார்பனேட்டை ஈடுசெய்ய ஆப்பச்சோடாவை அளவறிந்து தீனியிலோ நீரிலோ கலப்பர். ஓடு உருவாக ஏறத்தாழ இருபது மணி நேரம் செல்லும். அதிற் பெரும்பகுதி இரவில் நிகழ்வது. ஆதலின், மாலைத் தீனியில் கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சற்றே பருமனான துண்டுகளாகச் சேர்ப்பர். அவை இரைப்பையில் மெல்லக் கரைந்து, கோழி உறங்கும் பொழுதெல்லாம் குருதிக்குச் சுண்ணாம்பு தந்துகொண்டிருக்கும்.