நாலே நாலு விநாடி! பெண்கள் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

எட்டு நாள், ஒன்பது நாள் என்று தொடர்ந்து நடக்கும் சைக்கிள் பந்தயம் இது. தினமும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடியும். எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, ஆகக் குறைந்த நேரம் யாருக்கோ அவருக்கே மஞ்சள் சட்டை. பிரான்சில் பெண்கள் ஓட்டும் இந்தப் பந்தயத்தின் கதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இரட்டிப்பு ஆச்சரியம் தரும். ஏனென்றால் அதில் நம்ம ஊர்த் தொழிலும் இருக்கிறது, நம்ம ஊர் மலையும் இருக்கிறது!

துடைப்பக் கட்டையோடு ஓட்டிய பெண் தெரியுமா?

1924. இத்தாலியைச் சுற்றிவரும் 3,613 கி.மீ. பந்தயம். ஆண்கள் மட்டுமே ஓட்டிய அதில் ஒரே ஒரு பெண், அல்போன்சினா ஸ்ட்ராடா! மழையிலும் காற்றிலும் விழுந்து எழுந்ததில் ஹேண்டில்பார் உடைந்துபோனது. துடைப்பக் கட்டையை அந்த இடத்தில் செருகிக்கொண்டு மிதித்தார். கெடு நேரம் தாண்டிவிட்டதால் அவர் பெயரைப் போட்டிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. 90 பேர் கிளம்பி 30 பேர் மட்டுமே கணக்கில் முடித்த அந்தப் பந்தயத்தை, கணக்கில் இல்லாமலே மிலான் வரை ஓட்டி முடித்தார்!

ஒரே பாதை, ஒரே மஞ்சள் சட்டை, பரிசு மட்டும் வேறு!

பிரான்சில் பெண்களுக்கென்று 1955-லேயே 5 நாள் பந்தயம் ஒன்று நடந்தது. வென்றவர் மில்லி ராபின்சன். அதோடு சரி, ஏறத்தாழ 30 வருடம் மௌனம். 1984-ல் மறுபடி தொடங்கியபோது அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் 18 கட்டங்களையும் தாண்டி வென்றார். அவருக்குக் கிடைத்தது சுமார் 1,000 டாலர். அதே ஆண்டு ஆண்கள் பந்தயத்தில் வென்ற லோரான் பினியோனுக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல்! பிறகு அந்தப் பந்தயமும் நின்றது. வேறு பெயர்களில் தள்ளாடியது, அதுவும் முடிந்தது. இன்றைய வடிவில் மீண்டும் வந்தது 2022-ல்தான். அந்த ஆண்டின் நீளமான கட்டம் 175.6 கி.மீ. சென்னையில் கிளம்பினால் ஆம்பூரை நெருங்கிவிடலாம். அவ்வளவும் ஒரே நாளில்!

946 கி.மீ. ஓட்டி, 4 விநாடியில் ஜெயித்த கதை!

2024-ல் மஞ்சள் சட்டையோடு போன டெமி வோலரிங், ஐந்தாம் கட்டம் முடிய சில கிலோமீட்டர் இருக்கும்போது கீழே விழுந்தார். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போயிற்று. மஞ்சள் சட்டை போலந்தின் கதர்சினா நியேவியாடோமாவிடம் போனது. கடைசி நாள் ஆல்ப் டுயெஸ் மலை ஏற்றம். வோலரிங் முதலாவதாக ஏறி முடித்துவிட்டுக் காத்திருந்தார். நியேவியாடோமா 1 நிமிடம் 1 விநாடி பின்னால் வந்து சேர்ந்தார். கூட்டிக் கழித்தால் வித்தியாசம் 4 விநாடி. வெற்றி நியேவியாடோமாவுக்கு! ஆண்கள் பந்தய வரலாற்றின் மிகக் குறைந்த வித்தியாசமே 1989-ல் வந்த 8 விநாடிதான்!

சைக்கிள் வீரரின் கால்சட்டைக்குள் ஆட்டுத்தோல்!

இன்று பந்தயக் கால்சட்டைக்குள் இருப்பது செயற்கை மெத்தை. முன்பு அந்த இடத்தில் மீன் எண்ணெய் ஏற்றிப் பதப்படுத்திய மெல்லிய ஆட்டுத்தோலைத்தான் தைத்தார்கள். துவைத்துக் காயவைத்தால் அது விறைத்துவிடும். மறுநாள் கிரீம் தடவி, கையால் கசக்கி இளக்கிய பிறகுதான் போட முடியும். அப்போது ஷூவும் தோல்தான், காற்றோட்டத்துக்கு மேல்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

சீட்டும் அப்படியே. 1866-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோல் வியாபாரம் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் இன்றும் தோல் சீட்டு செய்கிறது. மரப்பட்டைச் சாறு போன்ற தாவரச் சரக்கில் பதனிட்ட தடித்த மாட்டுத்தோல் அது. ஓட்ட ஓட்ட உட்காருபவரின் உடம்புக்கு ஏற்பக் குழிந்து கொடுக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட நம் மண்ணுக்கு இந்த வித்தை புதிதா என்ன?

பந்தயத்தில் சாப்பிடுவது சோறு!

ஆம்பூர்க்காரர்களே, கேளுங்கள்! சட்டையின் முதுகுப் பையில் வீராங்கனைகள் வைத்திருக்கும் தீனிகளில் முக்கியமானது சோறு. குழைய வேகவைத்து, அழுத்தித் துண்டு போட்டு, தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். ஒரு கையால் பிரித்து, மிதித்துக்கொண்டே சாப்பிட வேண்டியதுதான்!

அங்கே 21 வளைவு, இங்கே 14!

ஆல்ப் டுயெஸ் ஏற்றத்தின் 21 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அங்கே ஜெயித்த வீரர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். வாணியம்பாடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் நம் ஏலகிரி இருக்கிறதே, அதன் 14 வளைவுகளுக்கு யார் பெயர் தெரியுமா? தமிழ்ப் புலவர்களும் கடையெழு வள்ளல்களும்!

புதுக்கோட்டை செய்த புரட்சி!

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலாராணி சுங்கத் ஊக்கத்தோடு, கிராமத்துப் பெண்களைச் சைக்கிள் ஏற்றியது. கற்றுக்கொண்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்று எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பிறகு 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் அத்திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

ஆக, நம் பெண்களிடம் சைக்கிள் இருக்கிறது. மலை இருக்கிறது. ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து உலகத்துக்கே காலணி தைக்கும் உழைப்பும் இருக்கிறது. தேவை ஒரு பயிற்சியாளர், ஒரு நல்ல சைக்கிள், வீட்டில் ஒரு 'சரி'. பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களே, ஞாயிறு காலையில் நாலு மாணவிகளை ஏலகிரி அடிவாரத்துக்குக் கூட்டிப் போங்கள். கார் ஓட்டுபவர்களே, அந்தப் பிள்ளைகளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடம் விட்டு முந்துங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!