நெட்டையாக நிற்கும் மல்லாட்டை

ஆடி மழை பேஞ்சு, செங்கம், கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் செம்மண் காடெல்லாம் பச்சை கட்டியாச்சு. மானாவாரி மல்லாட்டை போட்டவங்க, "செடி நல்லா கிளம்பிடுச்சு" என்று சந்தோஷப்படுகிற நேரம். கொஞ்சம் குனிந்து பாருங்கள். செடி கிளை விட்டுப் பரந்திருக்கிறதா, களைக்கு நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறதா?

இரண்டும் ஒன்றல்ல. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் பண்ணைக்கீரை வளர்ந்தால், அந்த ஒளியை வைத்தே போட்டிக்கு ஆள் வந்ததை மல்லாட்டை தெரிஞ்சுக்கும். நிழல் விழுவதற்கு முன்பே தண்டை நீட்ட ஆரம்பிக்கும். வேருக்கும் கிளைக்கும் போக வேண்டியது தண்டுக்குப் போய்விடும்.

மல்லாட்டைக்கு இது பெரிய நஷ்டம். பூ வெளியே, காய் மண்ணுக்குள்ளே. பூ கருவுற்ற பிறகு விழுது இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய். 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரத்தில் கிளம்பும் விழுது பெரும்பாலும் மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும். கொடி நிறைய இருக்கும், மாட்டுக்கு ஆகும். செக்குக்குப் போக கொட்டை இருக்காது.

அடுத்து தண்ணீர். கோரையும் சாரணையும் சோளம், கரும்பு போல 'சி4' வகை. கடும் வெயிலில், குறைந்த தண்ணீரில் மல்லாட்டையைவிட வேகமாக உடம்பு வைக்கும். ஒரு சதுர மீட்டரில் உள்ள களையைப் பிடுங்கி, காயவைத்து எடை போடுங்கள். 100 கிராம் இருந்தால் ஏக்கருக்கு 400 கிலோ! அவ்வளவும் மல்லாட்டையிலிருந்து குறைந்தது என்று கணக்கு எழுத முடியாது. ஆனால் நம்ம நிலத்து மழையையும் சத்தையும் தின்றுதான் அது வளர்ந்தது.

'களை என்று எதுவுமே இல்லை, எல்லாம் மூடாக்குதான்' என்று நம் இயற்கை வழி நண்பர்கள் சிலர் சொல்வார்கள். மாந்தோப்பில் நானும் ஒத்துக்கொள்வேன். 105 நாள் மல்லாட்டையில் முதல் 45 நாளுக்கு அந்தப் பேச்சு எடுபடாது. களைக்கொல்லி தெளிக்காத நமக்குத்தான் இதில் கவனம் அதிகம் வேண்டும்.

20ஆம் நாள் ஒரு களை, 40ஆம் நாள் ஒரு களை. ஆள் கிடைக்காத ஊரில் 30 சென்டிமீட்டர் சால் விட்டு விதைத்தால், முதல் களைக்குச் சைக்கிள் களைவெட்டியே ஓட்டலாம். செடியோரம் மட்டும் கைக்களை. வெட்டியதைச் சாலிலேயே போடுங்கள், கோரைக்கிழங்கை மட்டும் வெளியே எறிந்துவிடுங்கள். இரண்டாம் களையோடு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் விழுது இறங்கும் தூரமும் குறையும்.

அதற்குப் பிறகு கொத்தைத் தொடாதீர்கள், இறங்கின விழுது அறுந்துபோகும். தலை தூக்கும் களையை விதை கட்டுவதற்கு முன் அரிவாளால் அறுத்து, மாடு தின்கிறதை மாட்டுக்குப் போடுங்கள்.