‘தவறான நடத்தை’ என்னும் சொல்லும் வேலையிழந்தோர் உதவித்தொகையும்

உலக வழக்கில் ஒரு பொருளும் சட்டத்தில் வேறொரு பொருளும் உடைய சொற்கள் பலவாகும். ‘தவறான நடத்தை’ என்பதும் அவற்றுள் ஒன்று. திருட்டு, குடி, கைகலப்பு போன்றவற்றையே நாம் அச்சொல்லால் குறிப்போம். கனடா நாட்டிலோ, தடுப்பூசி போட மறுத்து வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டபோது அச்சொல்லே குறுக்கே நின்றது. அஃது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கனடாவில் வேலையிழந்தோர் காப்புறுதிச் சட்டம் 1940ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1996இல் அது வேலைக் காப்புறுதி எனப் பெயர் மாறிற்று. தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்துவர். தகுதியுடையோர் ஓர் உச்சவரம்பிற்குட்பட்டு, சராசரி வார ஊதியத்தில் நூற்றுக்கு 55 பங்கு பெறுவர். ஆனால், தவறான நடத்தையால் வேலையிழந்தவர்க்கு அஃது இல்லை என்கிறது சட்டத்தின் 30ஆம் பிரிவு.

கோவிட் தொற்றுப் பரவியிருந்த 2021ஆம் ஆண்டில் மருத்துவமனைகள் முதலிய பல நிறுவனங்கள் தடுப்பூசியைக் கட்டாயமாக்கின. மறுத்தோர் பலர் வேலையிழந்தனர். அவர்தம் விண்ணப்பங்களும் தள்ளப்பட்டன. ஆண்டுக்கணக்கில் சந்தா செலுத்தியவர், “என் உடலைப் பற்றி நானே முடிவு செய்தது ஒழுக்கக்கேடா?” என்று கேட்டது இயல்பே.

சட்டமோ ஒழுக்கத்தை அளப்பதில்லை. தீய எண்ணத்தையும் தேடுவதில்லை. விதியை அறிந்திருந்தாரா? வேண்டுமென்றே மீறினாரா? மீறினால் வேலை போகக்கூடும் என அறிந்தாரா, அன்றி அறிந்திருக்க வேண்டியவரா? இவையே அது கேட்கும் வினாக்கள். இவற்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு காப்புறுதி ஆணையத்தையே சாரும்.

2022 டிசம்பரில் தீர்ப்பாயம் ஒரு மருத்துவமனைப் பணியாளர் பக்கம் தீர்ப்பளித்தது. எனினும் மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. 2023 ஜனவரியில் வேறொரு வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், தடுப்பூசிக் கொள்கை நியாயமானதா என ஆராய்வது அத்தீர்ப்பாயத்தின் வேலையன்று எனத் தெளிவுறுத்திற்று. அக்குறையை மனித உரிமை மன்றம், தொழில் நடுவர் போன்ற வேறிடங்களில்தான் முறையிட வேண்டும்.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் அயோவா, கான்சஸ், டென்னசி மாநிலங்கள், இத்தகையோர்க்கும் உதவித்தொகை கிடைக்க 2021ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றின. செயல் ஒன்றே, சட்டம் அதற்குத் தந்த பொருளே வேறு. ஆதலின், சட்ட அறிவிப்பொன்றை நம் மக்களுக்குப் படித்துக் காட்டும் ஆசிரியர், சொல்லை மட்டும் படித்தல் போதாது; அதன் இலக்கணத்தையும் சேர்த்தே விளக்குதல் வேண்டும். ஒரு குடும்பத்தின் உணவு அதனைப் பொறுத்திருக்கக் கூடும்.