ஆறு மாதம் உறங்கிய கார்

பனி பொழியும் நாடுகளில் குடியேறிய நம்மவர்களில் சிலர், குளிர்காலம் தொடங்கியதும் காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, பனி உருகிய பின்னரே வெளியே எடுப்பார்கள். புனேயில் பனி இல்லை. எனினும் மாதக்கணக்கில் காரை நிறுத்திவைக்கும் வழக்கம் இங்கும் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா சென்று ஆறு மாதம் தங்கிவரும் பெற்றோரும், பணி நிமித்தம் வெளியூரில் இருப்போரும் எங்கள் கிளையின் வாடிக்கையாளர்களில் பலர். கோடையில் புறப்பட்டு, தசரா, தீபாவளியை ஒட்டித் திரும்புவார்கள். இடையே ஒரு மழைக்காலம் முழுவதும் கார் அடுக்ககத்தின் அடித்தளத்தில் ஈரக் காற்றில் நின்றிருக்கும்.

2023ஆம் ஆண்டு அந்த வரிசையில் நானும் சேர்ந்தேன். ஏப்ரல் நடுவில் தற்காலிகப் பணியாகச் சென்னை சென்றவன், அக்டோபர் 24ஆம் தேதி தசராவுக்கு முதல் நாள்தான் கோத்ருட்டில் உள்ள வீட்டுக்குத் திரும்பினேன். மகாராஷ்டிரத்தில் தசரா என்றால் வாகனங்களுக்குச் செண்டுப்பூ மாலை சூட்டிப் பூசை செய்யும் நாள். ஆப்டா இலையைப் பொன்னென்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். நம் சோழர் சூடிய ஆத்திதான் அது என்பது இங்குள்ள தமிழரில் பலருக்குத் தெரியாது. பூசை முடிந்த கையோடு காரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குச் செல்வதாக வீட்டில் ஏற்பாடு. மாலையும் சாவியுமாக அடித்தளத்துக்கு இறங்கினேன்.

"சாஹேப், சாவியைப் போடாதீர்கள். முதலில் பானெட்டைத் திறங்கள்" என்று தடுத்தார் பக்கத்து வீட்டுப் பெரியவர். கட்கியில் ராணுவ வாகனப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் காகா. பானெட்டைத் திறந்தோம். ஏர் ஃபில்டர் பெட்டியின் மேல் தேங்காய் நாரும் கிழிந்த காகிதமுமாக ஓர் எலிக் கூடு. அருகில் ஒரு மின்கம்பியின் உறை கடிபட்டு, உள்ளிருந்த செம்பு பளபளத்தது. அந்த நிலையில் சாவியைத் திருப்பியிருந்தால் மின்கசிவு ஏற்பட்டிருக்கலாம், தீப்பிடித்திருக்கவும் கூடும். காகா கூட்டை அகற்றி, கம்பிக்கு உறை சுற்றினார். பின்னர் என்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவுகளைப் பார்த்தார். காரின் அடியில் தரையில் கசிவுக் கறை உண்டா என்று குனிந்து நோக்கினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் கலந்தால் அதன் கொதிநிலை தாழும். மலைச்சாலை இறக்கத்தில் பிரேக் கைவிடும் அபாயம் உண்டு. மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் மாற்றிவிடுவதே நலம்.

பேட்டரி எதிர்பார்த்தபடியே உயிரற்றிருந்தது. கார் நின்றாலும் அதன் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் நிற்பதில்லை. துளித்துளியாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எங்களுடையது 11ஐத் தொடவில்லை. காகாவின் காரிலிருந்து கேபிள் போட்டு உயிரூட்டினோம். சிவப்புக் கேபிளை முதலில் நம் பேட்டரியின் நேர்முனையிலும், பிறகு அடுத்த காரின் நேர்முனையிலும் மாட்டவேண்டும். கறுப்புக் கேபிளின் ஒரு முனையை அடுத்த காரின் எதிர்முனையில் பொருத்தி, மறுமுனையை நம் பேட்டரியில் அல்லாமல், அதற்குத் தள்ளி என்ஜினின் வெறும் உலோகத்தில் மாட்டவேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பொறி பறந்தால் வெடிக்கும். கழற்றும்போது இதே வரிசை தலைகீழ். பல மாதம் வற்றிக் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்துவிடுவதால், கடையில் கொடுத்து மெதுவாக மின்னேற்றிச் சோதித்துக்கொள்வது அவசியம்.

என்ஜின் முழங்கியது. மாலையைச் சூட்டினேன். வாயிலை நோக்கிச் செலுத்த முற்பட்டபோது காகா கண்ணாடியைத் தட்டி, "இன்சூரன்ஸ் இருக்கிறதல்லவா?" என்று கேட்டார்.

கார் கடன் வழங்கும் அதிகாரியிடம் கேட்கும் கேள்வியா என்று நினைத்துக்கொண்டுதான் கைப்பேசியில் பார்த்தேன். ஆகஸ்ட் 28ஆம் தேதியே காலாவதியாகியிருந்தது. நினைவூட்டும் குறுஞ்செய்திகள் யாவும், மேசை இழுப்பறையில் நான் விட்டுச்சென்ற பழைய எண்ணுக்குப் போயிருந்தன. மனைவி ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவை அழைத்தாள்.

இதில் வியப்பு ஒன்றுமில்லை என்பதை வங்கிப் பணியில் கண்டிருக்கிறேன். கடனின் மாதத் தவணை கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது. காப்பீட்டுக் கட்டணமும் அவ்வாறே கழியும் என்று வாடிக்கையாளர்கள் கருதிவிடுகிறார்கள். தனியே உத்தரவு கொடுத்திருந்தாலன்றி அது கழியாது. வங்கிக்கு அடமானமாக உள்ள காருக்குக் காப்பீட்டை இடைவிடாமல் வைத்திருப்பது கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனையும் ஆகும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு இன்றிப் பொதுச்சாலையில் காரை ஓட்டக்கூடாது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அபராதம் சிறிது. வீட்டிலிருந்து கோயில் வரையிலான அந்த இரண்டு கிலோமீட்டரில் ஒருவர் மீது மோதியிருந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் என் சேமிப்பிலிருந்தும் வீட்டிலிருந்தும் போயிருக்கும். அதை எண்ணி அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

காலாவதியாகி 57 நாள்களே ஆகியிருந்தது என் நல்லூழ். 90 நாள்களுக்குள் புதுப்பித்தால் கோரிக்கையின்மைச் சலுகை நிலைக்கும். நான்கு ஆண்டுகள் இழப்பீடு கோராததால் சொந்தச் சேதப் பகுதிக் கட்டணத்தில் எனக்குச் சேர்ந்திருந்த 45 விழுக்காடு சலுகை அது. 91ஆம் நாளில் பூச்சியமாகியிருக்கும். இடைவெளி விழுந்துவிட்டதால் நிறுவனம் காரைப் பார்வையிட்ட பின்னரே முழுக் காப்பீடு தந்தது.

வெள்ளம் பற்றியும் ஒரு சொல். 2019 செப்டம்பர் 25 இரவு அம்பில் ஓடை பெருக்கெடுத்தபோதும், 2024 ஜூலை 25 அன்று கடக்வாசலா அணை நீர் முட்டா ஆற்றில் திறக்கப்பட்டு ஏக்தா நகரியில் புகுந்தபோதும் நிறுத்தியிருந்த வாகனங்கள் மூழ்கின. ஊரிலிருந்து திரும்பியவர் காரில் சேற்றுக் கோடு கண்டால், சாவியைத் தொடாமல் இழுவை வண்டியைத்தான் அழைக்கவேண்டும். சிலிண்டருக்குள் நீர் இருக்கையில் என்ஜினை இயக்கினால் உள்ளுறுப்பு வளைந்து உடையும். அது பின்விளைவுச் சேதம் எனப்பட்டு, சாதாரணக் காப்பீட்டில் இழப்பீடு மறுக்கப்படும். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் மட்டுமே கிடைக்கும்.

புதிய காப்பீடு வந்ததும், புகைச் சான்றின் தேதியையும் சரிபார்த்துக்கொண்டு, காகாவை அருகில் அமர்த்தி முதல் ஓட்டம் புறப்பட்டேன். டயர்களில் மாதத்துக்கு ஓரிரு அலகு காற்று தானாகக் குறைந்துவிடும் என்பதால் அவற்றை முன்பே நிரப்பியிருந்தோம். கை பிரேக் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் மெல்ல அசைத்ததும் விடுபட்டது. நிறுத்தும்போது கியரில் விட்டு, சக்கரத்துக்குச் செங்கல் வைத்திருக்கவேண்டும் என்றார் காகா. பௌட் சாலையில் சாந்தனி சௌக் வரை போய்வந்ததில் பிரேக் தட்டின் துருச்சத்தம் அடங்கியது. ஒரே இடத்தில் நின்று தட்டையான டயர்களின் அதிர்வும் குறைந்தது. தொட்டியில் பாதிக்கும் குறைவாக இருந்த பழைய பெட்ரோலோடு புதியதை நிரப்பினோம். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகவே நெடுநாள் நிறுத்துமுன் தொட்டியை நிறைத்துவிட்டுப் போயிருக்கவேண்டும்.

அடுத்த வாரம் கோலாப்பூர் செல்ல சதாரா சாலையில் ஏறினோம். கேட்ஷிவாபூர் சுங்கச்சாவடிக்குச் சற்று முன் மனைவி கேட்டாள், "ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா?" நல்லவேளையாக, அதைக் காகா முதல் நாளே கேட்டுவிட்டிருந்தார்.