மண் தள்ளுவது யார்? தெரிந்த பிறகு பொறி வையுங்கள்!

புல்தரையில் புதுமண் குவிந்திருந்தால் பலர் நேரே எலி மருந்து வாங்கப் போகிறார்கள். மண்ணைத் தள்ளியது எது என்று தெரியாமல் வைக்கும் மருந்து பெரும்பாலும் வீண்.

அடையாளம்

மதில், சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி ஓரமாக அகலமான வளையும் வாசலில் பெரிய மண்குவியலும் இருந்தால் அது பெருச்சாளி. ஒரு கிலோ எடைவரை வளரும். விட்டுவைத்தால் மதிலின் அடிமண்ணையே பறித்துவிடும்.

மண்மேடு இருக்கிறது, வளை வாயைக் காணோமா? வரப்பு எலியாக இருக்கலாம். உள்ளே போனதும் வாயை மண்ணால் அடைத்துக்கொள்வது அதன் பழக்கம். காய்ந்த மணற்பாங்கான இடத்தில் திறந்த வாசல்கள் பல தெரிந்தால் வெள்ளெலி. அதன் வால் நுனியில் மயிர்க்குஞ்சம் இருக்கும்.

கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சிகளையும் தின்னும். அதை விட்டுவிடுங்கள்.

எந்த வளையில் ஆள் இருக்கிறது?

மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருப்பவற்றில்தான் எலி குடியிருக்கிறது. வரப்பு எலிக்கு மட்டும் மாற்றிச் செய்ய வேண்டும்: அடைப்பை உடைத்துவிட்டால் மீண்டும் அடைத்து வைத்திருக்கும்.

பிடிப்பது எப்படி?

உதிர்ந்த பழம், நாய்க்கு வைத்த மிச்சச் சோறு, மூடாத குப்பைத்தொட்டி ஆகியவற்றை முதலில் அகற்றுங்கள். கருவாடு, மசால்வடை, சுட்ட தேங்காய் வைத்த கூண்டுப் பொறியைச் சுவரோரம் வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். புதுப் பொருளைக் கண்டு மிரளும் என்பதால் ஓரிரு இரவு பொறியை மாட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்குங்கள். எலி சிறுநீர் கலந்த ஈரமண்ணால் எலிக்காய்ச்சல் பரவும். ஆகவே கையுறையும் பூட்ஸும் கட்டாயம். எல்லாம் பிடிபட்ட பிறகு வளைக்குள் ஜல்லி திணித்து மூடுங்கள்.

மருந்து கடைசியில்தான்

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பசை கல்லீரலைச் சிதைக்கும். அதற்கு முறிமருந்து இல்லை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் நச்சுவாயு விடும். பயிற்சி பெற்றவர்களே கையாள வேண்டியது அது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தனர்.

பொறிக்குச் சிக்காவிட்டால் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை அழையுங்கள். என்ன மருந்து, எத்தனை நேரம் விலகியிருக்க வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கவிடுங்கள்.