பெருங்குடல் புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

‘கேன்சர் டெஸ்ட்டும் சேர்த்தே’ என்று விற்கப்படும் முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டுகளில் சி.இ.ஏ. என்று ஒரு வரி இருக்கும். ஐந்து நானோகிராமுக்கு மேல் கொஞ்சம் போனாலும் வீடே கலங்கிவிடுகிறது. புகை பிடிப்பவருக்கும், கல்லீரல் கெட்டவருக்கும், குடலில் அழற்சி உள்ளவருக்கும்கூட இந்தப் புரதம் ஏறும். ஆரம்பநிலைப் புற்றுநோய் உள்ள பலருக்கோ ஏறவே ஏறாது. நலமாக இருப்பவரிடம் நோயைத் தேடுவதற்கான சோதனை இது அல்ல.

நோய் உறுதியானவருக்குத்தான் இது அவசியம். அங்கேதான் சில நேரம் விட்டும்போகிறது. 1965இல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்த சி.இ.ஏ., இன்றும் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கக் கைகொடுக்கிறது. ஆபரேஷனுக்கு முன் ஒரு அளவு எடுத்திருக்க வேண்டும். கட்டியை அகற்றிய சில வாரங்களில் அது இறங்கவில்லை என்றால் எங்கோ நோய் மிச்சம் இருக்கலாம். பிறகு முதல் 2 ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், 5 ஆண்டு முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். லேபை மாற்றாதீர்கள்; கருவிக்குக் கருவி எண் மாறும். ஒருமுறை ஏறியதுமே நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். கீமோ நடக்கும்போது தற்காலிகமாக ஏறுவதுண்டு. மறுபடி எடுத்து, அப்போதும் ஏறியிருந்தால் ஸ்கேன்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது பயாப்ஸித் திசுவில் செய்யும் எம்.எம்.ஆர். சோதனை. எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற நான்கு புரதங்களும் மரபணுவைப் பிரதியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துபவை. சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புரதம் இருக்கும் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். சுற்றியுள்ள நல்ல செல்கள் பழுப்பாக இருக்க, கட்டியின் செல்கள் மட்டும் நீலமாக நின்றால் அங்கே அந்தப் புரதம் இல்லை. ரிப்போர்ட்டில் ‘லாஸ்’ என்று எழுதுவார்கள்.

அந்த ஒரு சொல் சிகிச்சையையே மாற்றும். இரண்டாம் நிலையில் இருப்பவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு, 5-எஃப்.யு. வகை மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பலனும் இல்லை, ஆகவே கீமோவே தேவைப்படாமல் போகலாம். நோய் பரவியவருக்கோ பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் கீமோவைவிட நன்றாக வேலைசெய்யும். சிலருக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு காரணமாக இருக்கும். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் மரபணு ஆலோசனை பெற வேண்டும். எம்.எல்.எச்.1 இல்லை என்பதால் மட்டும் பரம்பரை நோய் என்றாகிவிடாது. அதைப் பிரித்தறியத் தனிச் சோதனை உண்டு.

திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியை ‘பிளாக்’ என்பார்கள். இரண்டாவது கருத்துக் கேட்க பிளாக்கையோ ஸ்லைடுகளையோ எழுத்துமூலம் கேளுங்கள், கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகும். வெட்ட வெட்டத் திசு தீர்ந்துவிடும் என்பதால் வேண்டாத சோதனைகளுக்கு அதைச் செலவழிக்கவும் கூடாது.

மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். வாயால் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அரசு மருத்துவமனையானால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார், தமிழ்நாட்டில் மாநில மருத்துவ கவுன்சிலுக்குப் போகும். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், அங்கே முதலில் கேட்பது அந்த முத்திரையிட்ட நகலைத்தான்.